ஃபென்யா மலையின் மறுபக்கம் பார்த்த கதை

எங்கள் பள்ளத்தாக்கில் யாரைப் பற்றியாவது எழுதுவதென்றால் என்னைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும். நான்காம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ஒற்றை ரம்பத்தில் ஆரம்பித்து மர ஆலை வைத்தவன் நான். பிரிட்டிஷ் கொலம்பியாவின் இந்த மூலையில் என் பலகை இல்லாத வீடு குறைவு. ஆனால் அதெல்லாம் ஊருக்கே தெரியும். ஊருக்குச் சரியாகத் தெரியாதவள் ஃபென்யா கசகோவ்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஐம்பத்தெட்டு வயது, குட்டையான உருவம், அதிராத பேச்சு. காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆற்றோரம் வரும்போது கிழக்கே மலைமுகட்டுக்கு மேல் வானம் முதலில் ரோஜா நிறமாகும், பிறகு தேன் நிறமாகும். கீழே நாங்கள் இன்னும் நீல நிழலுக்குள் கிடப்போம்.

"வாசில் அண்ணே, விடியுறது அந்தப் பக்கத்துலேருந்துதான் வருது. அது கிளம்புற எடத்த நான் ஒரு தடவயாச்சும் பாக்கணும்" என்பாள்.

முகட்டுக்கு அப்பால் ஓர் ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில், பனிமேல் ஓடும் எந்திர வண்டியான பனிவண்டியில்தான் போக முடியும். எங்கள் பனிவண்டிச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சரிவில் ஏற முடியாதவர்கள் அடிவாரக் குடிசையில் தங்கி அடுப்பெரித்து, மேலே போனவர்கள் திரும்பும்வரை பீட்ரூட் சூப்பைச் சூடாக வைத்திருக்க வேண்டும். ஃபென்யாவின் பழைய வண்டி பாதிச் சரிவிலேயே பனிக்குள் புதைந்துவிடும். அதனால் வருஷா வருஷம் கரண்டி அவள் கையில். லாரி ஓட்டும் டார்சி அவளுக்கு 'சூப்பு அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டான்.

போன இலையுதிர் காலத்தில் சேதி வந்தது. வரும் குளிர்காலம்தான் கடைசி. அதற்குப் பிறகு முகட்டுக்கு அப்பாலுள்ள இடத்தை அரசாங்கம் காரிபூ மான்களுக்கு விட்டுவிடுகிறது, வண்டி எதுவும் போகக்கூடாது. ஃபென்யாவும் சேதியைக் கேட்டாள். மறுவாரமே பளபளவென்று ஒரு சைலன்சரை வரவழைத்து மாட்டினாள்.

பழைய வண்டி வாங்கும் எல்லோரும் முதலில் செய்கிற காரியம் இது. வண்டி உறுமினால் வண்டிக்கு வலிமை வந்துவிட்டதாக ஒரு மயக்கம். முதல் பனியில் சரிவுக்குப் போனாள். பள்ளத்தாக்கே அதிர்ந்தது. வண்டி வழக்கமான இடத்தில் இடுப்பளவு பனியில் உட்கார்ந்துகொண்டது.

"அக்கா, உன் சத்தம் மட்டும் மேல போய்ச் சேந்துடுச்சு. நீயும் பின்னாடியே வந்துடு" என்றான் டார்சி.

"வந்து உன் பங்கு சூப்பையும் நானே குடிக்கிறேன், இரு" என்றாள் அவள்.

என் கொட்டகைக்கு வந்தாள். நானே முடித்துத் தருகிறேன் என்றேன். இந்தக் கைகள் தொட்ட எந்திரம் எதுவும் மறுபேச்சுப் பேசியதில்லை. அவள் கேட்கவில்லை. "உங்க எடமும் கருவியும் போதும். வாயக் கொஞ்சம் மூடி வைங்க, அண்ணே" என்றாள். என்னிடம் அப்படிப் பேச இந்த ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் உரிமை.

சைலன்சரைக் கழற்றிப் பழையதையே போட்டாள். விபத்தில் நொறுங்கிய ஒரு வண்டியிலிருந்து, சக்கரத்துக்குப் பதிலாக அடியில் சுழலும் பட்டையை வாங்கி வந்தாள். அதன் ரப்பர் துடுப்புகள் விரல் நீளம் இருந்தன. புதுப்பனியில் வண்டி ஓடுவதில்லை, நீந்துகிறது. நீந்தத் துடுப்பு வேண்டும். துடுப்பு பெரிதானதும் எந்திரம் திணறியது. அதற்காக ஒரு பல் குறைந்த பற்சக்கரம் போட்டாள். மேலே காற்று மெலிசு, எந்திரத்தின் பலமும் குறையும். அதனால் கிளட்சுக்குள் இருக்கும் எடைகளை லேசானவையாக மாற்றினாள். எழுந்து நின்று ஓட்டத் தோதாகக் கைப்பிடியை உயர்த்தினாள்.

கடைசியாக எடை குறைப்பு. வண்டியின் பின்னால் ஓர் இரும்புச் சட்டம் இருந்தது. சூப்பு அண்டாவைக் கட்டிக்கொண்டு போக அவளே அடித்து மாட்டியது. அதன் திருகுகள் துருவேறி இறுகிப் போயிருந்தன. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டத்தை என் காலடியில் வைத்தாள்.

"இந்தத் தடவ அண்டா உங்க வண்டியில."

"நானா? சூப்பா?"

"ஆலையே வச்சு நடத்துனவரு. ஒரு அண்டா நடத்த மாட்டீங்களா?"

மாசி மாதத்தில் ஒரு தெளிந்த காலை. டார்சி சரிவில் குழி தோண்டிப் பார்த்து, பனி உறுதியாக இருக்கிறது, சரியாது என்றான். அடிவாரக் குடிசை வாசலில் ஃபென்யா கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் இறங்கும் திருகாணிகளை எடுத்துவிட்டுச் சின்னத் துளை உள்ளவற்றை மாட்டினாள். மெலிந்த காற்றுக்கு அந்த அளவு போதும். பழையவற்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"எறங்குனதும் திரும்ப மாத்திடு. கீழ குளிர் காத்து அடர்த்தி. பெட்ரோல் பத்தாம பிஸ்டன் காஞ்சு இறுகிடும்" என்றேன்.

"தெரியும், அண்ணே."

கரண்டியோடு வாசலில் நின்று பார்த்தேன். அவள் வண்டி சரிவில் ஏறிற்று. வழக்கமாகப் புதையும் இடம் வந்தது. ஒரு கணம் தயங்கியதுபோல இருந்தது. பிறகு பனி இருபுறமும் வெள்ளைச் சிறகாக விரிய, நடுவில் ஒரு கரும்புள்ளி மேலே மேலே மிதந்தது. முகட்டில் வெயிலைத் தொட்டு மினுங்கிற்று. அப்புறம் வானம் மட்டும் இருந்தது. இரண்டு பேர் ஏற முடியாமல் திரும்பினார்கள். அவர்கள் கையில் ஆளுக்கொரு வெங்காயத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னேன்.

மத்தியானம் தாண்டி வந்தாள். புருவமெல்லாம் உறைபனி. என் சூப்பைக் குடித்தாள். அவள் வைப்பதைவிட நன்றாகவே வந்திருந்தது. ஆனால் அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஒண்ணுமே இல்ல, அண்ணே. அவ்வளவு வெள்ள. ஏரி எங்க முடியுது, வானம் எங்க தொடங்குதுன்னே தெரியல. எந்திரத்த நிறுத்துனேன். பனி உக்காருற சத்தம் கேட்டுச்சு. அக்கரையில நாலஞ்சு மான் நின்னுச்சு. நாந்தான் தப்பா வந்து அதுங்க வீட்டுக்குள்ள நுழைஞ்ச மாதிரி."

கையுறையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தன் வண்டியை நோக்கி நடந்தவள் முகம் தூக்கத்தில் நடப்பவள் முகம்.

"திருகாணி" என்று பின்னாலிருந்து கத்தினேன்.

"மெதுவாத்தான் போறேன்" என்றாள்.

அண்டாவைக் கட்டிக்கொண்டு நாங்கள் புறப்பட நேரமாயிற்று. காட்டுப்பாதை சமதளத்துக்கு வந்து நேராக நீளும் இடத்தில், தேவதாரு மரங்களுக்கு நடுவே அவள் வண்டி நின்றிருந்தது. கருகிய எண்ணெய் வாடை. எந்திரத்தைக் கிளப்பும் கயிற்றை இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. பிஸ்டன் இறுகிவிட்டது. மெதுவாகப் போனவள் வண்டியில் இது நடக்காது.

"எவ்வளவு வேகத்துல போன?"

"தெரியல. நான் இன்னும் மேலதான் இருந்தேன்" என்றாள். வருத்தம் துளியும் இல்லை. பிஸ்டனை மாற்றிவிடலாம், என்னிடம் முடியாதது ஒன்றுமில்லை என்றேன். தலையாட்டினாள். காதில் விழுந்ததா என்று சந்தேகம்.

டார்சி அவள் வண்டியைத் தன் வண்டிக்குப் பின்னால் கயிற்றால் கட்டினான். "ஏறி உக்காருங்க, அக்கா. இருட்டுறதுக்குள்ள ஊருக்குப் போயிடலாம்." சூப்பு என்ற சொல் அன்று அவன் வாயில் வரவில்லை.

அவள் தன் வண்டியில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கழுத்து மட்டும் பின்னால் திரும்பி, மரங்களுக்கு மேலே தெரிந்த முகட்டைப் பார்த்தது. அதில் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது.

"மெதுவா இழு, டார்சி" என்றாள். "எனக்கு ஒரு அவசரமும் இல்ல."