நாலு பேருக்கு ரெண்டு பேர்

மடத்துக்குளம் பக்கத்துத் தோட்டத்தில் நான் பிறந்த காலத்தில், பெண் குழந்தையோடு நிறுத்திக்கொண்டவர்கள் எங்கள் சொந்தத்தில் யாரும் கிடையாது. ஆண் பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போனார்கள். இல்லாவிட்டால் முதலிலேயே ஆண் பிறந்துவிட, அதோடு நிம்மதியாக நிறுத்தினார்கள். என் அப்பா மட்டும் என்னோடு நிறுத்தினார்.

அவருக்குக் காரணம் இருந்தது. அவரோடு பிறந்தவர்கள் எல்லாம் ஆண்கள், அவரைச் சேர்த்து ஆறு பேர். தோட்டம் ஆறாகப் பிரிந்தது. கிணறு ஒன்றுதான், அதைப் பிரிக்க முடியவில்லை. மோட்டாரை முறை வைத்து ஓட்டினார்கள். பெரியப்பா முறையன்று கரண்ட் நாள் முழுக்க இருக்கும். எங்கள் முறையன்று மத்தியானமே போய்விடும். வரப்பு ஒரு சாண் நகர்ந்ததாகச் சொல்லி ஒரு சித்தப்பா எங்களோடு பேச்சையே நிறுத்திவிட்டார். கல்யாண வீடுகளில் எங்களைப் பார்த்தால் பந்தியை மாற்றி உட்காருவார்.

யாராவது அப்பாவிடம், "ஏனுங்க, ஒரு பையனாச்சும் வேண்டாமுங்களா?" என்று கேட்டால், "இன்னொண்ணு பெத்து அதுக்கும் ஒரு வரப்புப் போடச் சொல்றீங்களா?" என்பார். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். அதைக் கேட்டு அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதைப் பற்றி அப்போது நான் யோசித்ததும் இல்லை. ஒற்றைப் பிள்ளைக்கு யோசிக்க என்ன இருக்கிறது? முறுக்குத் தூக்கு முழுக்க என்னுடையது.

படிப்பு முடிந்து, இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் பிறகு, திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர் கேட்ட பனியன், கேட்ட நிறத்தில், கேட்ட தேதியில் கப்பலேறுகிறதா என்று போனில் கத்திக்கொண்டே இருக்கும் வேலை. ஹாஸ்டலில் இடம் பிடித்தேன். நாலு கட்டில் போட வேண்டிய அறையில் ஆறு கட்டில். துண்டு காயப்போடும் கயிற்றுக்கே சண்டை நடக்கும்.

ஊரே அப்படித்தான் இருந்தது. காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், தெற்கத்தி பஸ்களிலிருந்து குடும்பங்கள் ஸ்டவ்வும் பக்கெட்டும் பாயும் தூங்கும் பிள்ளையுமாக இறங்கிக்கொண்டிருக்கும். மறுவாரம் அவர்களில் யாரையாவது எங்கள் கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் மேஜையில் பார்ப்பேன். நேற்றுவரை கத்திரிக்காய் போட்டிருந்த காட்டில் இன்றைக்கு வரிசையாக ஒற்றை அறை லைன் வீடு நிற்கும். குழாயில் தண்ணீர் வருவது விசேஷம். லாரி வந்தால் தெருவே குடத்தோடு ஓடும்.

என் பக்கத்துக் கட்டில்காரி தூத்துக்குடிப் பக்கம். அதே கம்பெனியில் செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழுந்து தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போய்விட்டு, வரும்போது எனக்கும் பன் வாங்கி வருவாள். அவள் வீட்டில் ஐந்து பிள்ளைகள்.

"எங்க வீட்டுல எல்லாரையும் போட்டோ எடுக்கணும்னா, கேமராக்காரரு ரோட்டைத் தாண்டிப் போய் நிக்கணும்ட்டி" என்பாள். நான் தனிப்பிள்ளை என்று தெரிந்த அன்று, "முழு முட்டையும் ஒனக்கேவா?" என்று வாயைப் பிளந்தாள். அவளுக்கு அது பொறாமை. எனக்கோ அவளுக்கு ஊரிலிருந்து மாறி மாறி வரும் போன்களைப் பார்த்துப் பொறாமை.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோதுதான் ஒரு வேடிக்கை தெரியவந்தது. ஊர் முழுக்க இத்தனை ஜனம். எங்கள் சொந்தத்தில் மட்டும் பெண்ணே இல்லை. வீட்டுக்கு ஒரு பையன் என்று நிறுத்தியவர்களின் பையன்கள் எல்லாம் ஒரே சமயத்தில் மீசையோடு பெண் தேடிக் கிளம்பியிருந்தார்கள். புரோக்கர் எங்கள் வீட்டுக்கு வரும்போது அவரே பழம் வாங்கி வந்தார். ஒரு மாப்பிள்ளை வீட்டார், "நகை நட்டு எதுமே வேண்டாமுங்க, பொண்ணைக் குடுத்தாப் போதும்" என்றார்கள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பொண்ணோட நிறுத்துனது எவ்வளவு நல்லதாப் போச்சு" என்றார்.

அம்மா அடுப்படியில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லாமா தானா நின்னுது? ஸ்கேன்ல பாத்துப் பாத்துக் கலைச்சுப்போட்டு, இப்பப் பொண்ணு எங்கீன்னு தேடுனா எங்க கெடைக்கும்?" சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லாதவர்போல் காபியை ஆற்றினார்.

நான் வருகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். எனக்கு அண்ணன் தம்பி இல்லை, பின்னால் அப்பா அம்மாவை யார் பார்த்துக்கொள்வது? ஒருவர், செலவுக்கு மாதாமாதம் அனுப்பிவிடலாம் என்றார். ஒருவர் கோயமுத்தூரில் முதியோர் இல்லம் ஒன்று ஓட்டல் மாதிரி இருக்கும் என்று விவரித்தார்; அங்கே டி.வி. இருக்கிறதாம். ஒரு பையனின் அம்மா பையனைப் பேசவே விடவில்லை. "கட்டிக் குடுத்த பொறவு அது அவிங்க பாடு கண்ணு" என்று முடித்துவிட்டார்.

கடைசியாக வந்தவர் திருப்பூர்க்காரர். வீட்டின் கீழ்த்தளத்திலேயே பவர் டேபிள் தையல் மெஷின்கள் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குப் பனியன் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் தொழில். தனியாகப் பேசட்டும் என்று எங்களைத் தேங்காய் குவித்திருந்த களத்துப் பக்கம் அனுப்பினார்கள். கேள்வியைக் கேட்டேன். அவர் காலடியில் கிடந்த மட்டையை நகர்த்தினார்.

"எங்கூட்லயும் நான் ஒருத்தன்தானுங்க" என்றார். "உங்க அப்பா அம்மா, எங்க அப்பா அம்மா, நாலு பேரு. நாம ரெண்டு பேரு. எப்படிப் பாக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

"அப்புறம்?"

"தெரியாததைத் தெரியும்னு எப்படீங்க சொல்றது?"

அது சரியான பதிலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் வந்த எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. உள்ளே போய் அம்மாவிடம் சரி என்றேன்.

மாமியார் வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக நின்றதற்குக் காரணம் வேறு. "அப்ப நானும் உங்க மாமாவும் மெஷின்ல உக்காந்து தெச்சுட்டிருந்தோம். இன்னொரு மெஷின் வாங்கறதா, இன்னொரு புள்ளை பெத்துக்கறதான்னு பாத்தோம். மெஷினை வாங்கிட்டோம்" என்று அத்தை சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த மெஷின் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை அதன்மேல் துணி காயப்போட யாரையும் விடமாட்டார்.

கல்யாணமாகி ஒரு வருஷம் ஆவதற்குள் எங்கள் கணக்குக்குச் சோதனை வந்தது. அத்தைக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதே வாரம் அப்பா வாய்க்கால் மேட்டில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அம்மாவால் அவரைத் தூக்க முடியாது. நான் அப்பாவிடம் ஓட வேண்டும், என் வீட்டுக்காரர் அவருடைய அம்மாவோடு நிற்க வேண்டும். ஆனால் கம்பெனியில் ஷிப்மெண்ட் நேரம், எனக்கு லீவு இல்லை என்றார்கள். திருப்பூரை விட்டு நகர முடியாது. அவருக்கு நூல் விலை ஏறி வேலை மந்தமாக இருந்தது. ஆகவே மாற்றிக்கொண்டோம். நான் ஆபீஸுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அத்தைக்குக் கண்ணில் மருந்து விட்டேன். அவர் மெஷின்களை மாமாவிடம் விட்டுவிட்டு மடத்துக்குளம் போய் என் அப்பாவைத் தூக்கினார்.

மறுநாளே அப்பாவிடமிருந்து போன். கிசுகிசுப்பான குரல்.

"கண்ணு, மாப்பிள்ளையத் திருப்பிக் கூப்பிட்டுக்க."

"ஏனுங்கப்பா? சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல. பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறாரு. எனக்குக் கூச்சமா இருக்குது. வேட்டி வேற நிக்க மாட்டீங்குது."

நான் ஆபீஸ் என்பதை மறந்து சிரித்துவிட்டேன். அப்பா போனை வைத்துவிட்டார். ஆனால் ஒரு வாரத்தில் அந்தக் கூச்சம் போய், மாப்பிள்ளை சமைத்த தக்காளிச் சோறு நன்றாக இருந்தது என்று தகவல் வந்தது. இங்கே அத்தையும் தன் பிள்ளை மருந்து விட்டால் கண்ணுக்குள் குத்திவிடுவான், மருமகள் கைதான் பதமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்.

அந்தச் சமயத்தில் என் தூத்துக்குடித் தோழியும் ஊரிலிருந்து அவள் அப்பாவை அழைத்து வந்திருந்தாள். அவளுக்கும் கல்யாணமாகி, எங்கள் தெருவுக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தாள். அப்பாவுக்கு மூச்சிரைப்பு. "உங்க ஊட்டுலதான் அஞ்சு பேர் இருக்கீங்களே" என்றேன்.

"அஞ்சு பேரும் இருக்கோம். பெரியவன் சின்னவனக் கை காட்டுதான், சின்னவன் அக்காவக் கை காட்டுதான். கடைசில இவரு எங்கிட்டதான் வந்து நிக்காரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். நாலு பேருக்கு ரெண்டு பேர் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் வீட்டில் ஒருவருக்கு ஐந்து பேர் இருந்தும், ஒருத்தியின் கைதான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தது.

எங்களுக்கு மகள் பிறந்தாள். அவள் நடக்க ஆரம்பித்ததும் நாலு பெரியவர்களும் ஒரே கட்சியாகிவிட்டார்கள். இன்னொன்று வேண்டும். தாங்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்கள்! ஒருநாள் தோட்டத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அப்பா ஆரம்பித்தார்.

"இன்னொண்ணு பெத்துக்க கண்ணு. நாளைக்கு உனக்கும் மாப்பிள்ளைக்கும் காலு ஒடைஞ்சா?"

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க ஏனுங்கப்பா பெத்துக்கலை? வாழ்நாள் பூரா வரப்புக் கதை சொன்னீங்களே?"

அப்பா சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். அந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத அம்மாதான் பேசினார்.

"நீ பொறந்தப்போ ஆஸ்பத்திரில நர்சம்மா கேட்டாங்க, ஆபரேஷன் பண்ணிக்கறியான்னு. அவரைக் கேளுங்கன்னு சொல்லீட்டேன். அப்பல்லாம் அப்படித்தான் சொல்லுவோம். பண்ணிக்கட்டும்னு அவரு சொல்லீட்டாரு." என் தட்டில் சோறு வைத்தபடி, "எனக்கு இன்னொண்ணு வேணும்னுதான் இருந்துச்சு" என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீ சொல்லவே இல்லியே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

அவ்வளவுதான் பேச்சு. அம்மா எழுந்துபோய் மோர் கொண்டுவந்து, முதலில் அப்பாவுக்குத்தான் ஊற்றினார். அப்பா அதற்குப் பிறகு என்னிடம் பிள்ளை பேச்சை எடுத்ததே இல்லை. சாயங்காலம் அவர் மாட்டுக் கொட்டகையில் வேலை எதுவும் இல்லாமல் ரொம்ப நேரம் நின்றிருந்ததைப் பார்த்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி நிறையப் பேசினோம். தண்ணீர் லாரி வராத நாட்களில் ஒன்றே போதும் என்று தோன்றும். மகள் தனியாக உட்கார்ந்து இரண்டு குரலில் பேசி விளையாடும்போது இன்னொன்று வேண்டும் என்று தோன்றும். உலகத்தில் ஜனம் கூடிப்போச்சு என்பதும், எங்கள் வீட்டில் ஆள் குறைந்துபோச்சு என்பதும், இரண்டுமே உண்மையாக இருந்தன. கடைசியில் எனக்கு ஆசையாக இருந்தது, அவருக்கும் ஆசையாக இருந்தது. பையன் பிறந்தான். நர்ஸ் ஆபரேஷன் பற்றிக் கேட்டபோது நானே வாய் திறந்து சரி என்றேன். வெளியே வராந்தாவில் நாலு பேரும் என்ன கருத்து வைத்திருந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த வருஷமே அப்பாவும் அம்மாவும் திருப்பூருக்கு வந்து எங்கள் மாடியில் குடியேறினார்கள். கால் பழையபடி ஆகவில்லை. காட்டு வேலைக்கு ஆளும் கிடைக்கவில்லை. தென்னையைக் குத்தகைக்கு விட்டாயிற்று. ஒரே அடுப்படியில் இரண்டு அம்மாக்கள். எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதத்தில் பூண்டை உரித்துப் போடுவதா, தட்டிப் போடுவதா என்பதில் தகராறு வந்து, ஒருநாள் உரித்தும் ஒருநாள் தட்டியும் சாப்பிட்டோம்.

அப்பாக்கள் இருவருக்கும் சாயங்காலம் பால் வாங்கி வரும் வேலை. பையனையும் தூக்கிக்கொண்டு போவார்கள். ஷிப்ட் விடும் நேரம் அது. தெரு நிறைய சைக்கிள், நடை, கேரியர், தமிழ், ஹிந்தி. ஒருநாள் ரொம்ப நேரமாகியும் திரும்பவில்லையே என்று தேடிப் போனேன். டீக்கடை ஓரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை ஜனத்துக்கும் சோறு எங்கிருந்துங்க வரும்?" என்றார் என் அப்பா.

"இத்தனை ஜனமும் வரலீன்னா நம்ம மெஷினை யாருங்க ஓட்டுவாங்க?" என்றார் மாமா.

"அதுக்குன்னு எல்லாருமே மெஷின் ஓட்டுனா, காட்டுல களை எடுக்கறது யாருங்க?"

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்!"

இருவரும் ஒரே பக்கம் பேசுகிறார்களா, எதிரெதிர் பக்கமா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பையன் என் அப்பாவின் தோளில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மாமாவின் கையில் பால் பாக்கெட் வெதுவெதுப்பாகிப்போயிருந்தது. வாங்கிக்கொண்டு, "வாங்க, ஊட்டுல போயிப் பேசலாம்" என்றேன். வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் வந்தார்கள். காய்ச்சும்போது பால் திரிந்துவிட்டது. அம்மாவும் அத்தையும் அன்றைக்கு மட்டும் ஒரே குரலில் திட்டினார்கள்.