அரை டிக்கெட் சென்னம்மா

சென்னம்மாவுக்கு அரசாங்கம் இரண்டு தடவை விடுதலை கொடுத்தது. இரண்டு தடவையும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் தடவை எழுபத்தாறில். தளிக்குப் பக்கத்தில் ராமப்பன் என்ற நிலக்காரர் வீட்டில் அவள் ஜீதத்துக்கு இருந்தாள். ஜீதம் என்றால் பெரிய விஷயமொன்றுமில்லை. அப்பன் கைநீட்டி வாங்கிய கடனுக்கு மகள் ஏழு வயதிலிருந்து சாணி அள்ளுவது. கொத்தடிமை முறையை ஒழித்தாயிற்று என்று டெல்லியில் சட்டம் போட்டார்கள். ஜீப்பில் வந்த அதிகாரி ராமப்பன் வீட்டிலேயே கோழிக் குழம்பு சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு வயது சென்னம்மாவிடம் விடுதலைச் சான்றிதழை நீட்டினார். குழந்தை கையில் இருந்தால் கிழிந்துவிடும் என்று ராமப்பன் அதை வாங்கித் தன் இரும்புப் பெட்டியில் பத்திரமாகப் பூட்டினார். நல்ல மனுஷன்! கல்யாணமாகிப் போகும்வரை சான்றிதழும் அங்கேயே இருந்தது, அவளும் அங்கேயே இருந்தாள்.

சாணிக் கூடை தலையை அழுத்தியதோ, வயிறு காய்ந்ததோ, அவள் வளரவேயில்லை. நாலடி இரண்டு அங்குலத்தோடு சரி. புருஷன் கோவிந்தன் ஆறடி. லாரிக்கு லோடு ஏற்றப் போனவன் பெங்களூரில் இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அவன் விட்டுப்போன ஒரே சொத்து, மகள் சாந்தம்மாவின் உயரம்.

தொண்ணூற்றைந்தில் தாயும் மகளும் ஓசூருக்கு வெளியே கிருஷ்ணப்பன் என்பவரின் பட்டு நூல் ஆலையில் இருந்தார்கள். கொதிக்கிற தண்ணீரில் மிதக்கும் பட்டுப்புழுக் கூடுகளைக் கைவிட்டுத் துழாவி நூல் முனையைப் பிடிக்கிற வேலை. சாந்தம்மாவுக்குப் பதினோரு வயது. அவள் விரல் நுனியில் தோலே கிடையாது. சோற்றில் உப்புப் பட்டால் துடித்துப்போவாள். வீட்டுக்கு இரண்டு பேர் வேலைக்கு வந்தால்தான் ஆலைக் குடியிருப்பில் ஓர் அறை என்பது கிருஷ்ணப்பன் வைத்த சட்டம். கை முழுசாக வீணாவதற்குள் மகளை அந்தத் தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும், சென்னம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை.

அப்போதுதான் கடல் தாண்டி ஒரு கடிதம் வந்தது. பட்டு வாங்குகிற கம்பெனி, குழந்தைகளை வைத்து வேலை வாங்கினால் ஆர்டர் ரத்து என்று எழுதியிருந்தது. பார்வையிட ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருகிறாளாம். கிருஷ்ணப்பன் ஆடிப்போனார். தொழிலாளிகளில் எவருக்கும் பிறந்த தேதி தெரியாது. டாக்டரைப் பிடித்து வயதுச் சான்றிதழ் வாங்கலாம், ஆனால் யாருக்கு எந்த வயது போடுவது?

மேஸ்திரி ஆஞ்சப்பன்தான் வழி சொன்னான். "பஸ்ஸுல அரை டிக்கெட்டுக்குக் கோடு போட்டிருக்கான் இல்லீங்களா மொதலாளி? கவர்மெண்டே அப்பிடித்தான் வயசு பாக்குது."

ஆகா, என்ன மூளை! சுவரில் கறுப்புப் பெயின்டில் ஒரு கோடு விழுந்தது. அதற்கு மேலே இருந்தவர்கள் பெரியவர்கள், டாக்டர் சான்றிதழோடு. கீழே இருந்தவர்கள் அன்றைக்கு மட்டும் மல்பெரித் தோட்டத்தில் ஒளிந்துகொள்ள வேண்டும். சாந்தம்மா கோட்டைத் தாண்டி நின்றாள். இருபது வயது என்று எழுதிக்கொண்டார்கள். சென்னம்மாவின் தலை கோட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தது.

"யோவ் மேஸ்திரி, நான் அவளைப் பெத்தவய்யா!" என்று கத்தினாள்.

"எங்களுக்குத் தெரியும்மே. வெள்ளக்காரிக்குத் தெரியுமா? போம்மே தோட்டத்துக்கு."

சென்னம்மாவிடம் இருந்த இரண்டு புடவையில் ஒன்று துவைத்து ஈரமாகக் கிடந்தது. இன்னொன்றை மேஸ்திரி பெண்டாட்டி சாந்தம்மாவுக்குச் சுற்றிவிட்டாள். சென்னம்மா மகளின் பாவாடை சட்டையை மாட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். எப்படியும் அந்த அம்மாளைப் பார்த்து மகளைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

வெள்ளைக்கார அம்மாளோடு வந்த போட்டோக்காரருக்குப் படத்தின் பின்னணியில் பச்சையாக ஏதாவது வேண்டியிருந்தது. எல்லாரும் தோட்டத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் சிதறி ஓடின. சென்னம்மா மட்டும் நேராக எதிரே வந்து நின்றாள்.

"அம்மா, உள்ள என் பொண்ணு இருக்கா. பதினோரு வயசு. அவ கையக் கொஞ்சம் பாருங்க."

"பயப்படாத பாப்பா," என்றார் தொழிலாளர் துறை அதிகாரி.

"யாரு பாப்பா? எனக்கு முப்பத்தோரு வயசு! ரெண்டு பெத்து ஒண்ண வாரிக்குடுத்தவ சாமி நான்!"

அதிகாரி மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினார். "எப்பிடி மனப்பாடம் பண்ண வச்சிருக்கான் பாத்தீங்களா? குழந்தைத் திருமணம்னு ஒரு கேஸும் சேத்து எழுதிக்குங்க."

அது மொழிபெயர்க்கப்பட்டதும் வெள்ளைக்கார அம்மாள் சென்னம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய் அழுகை இல்லை, நிஜமாகவே அழுதாள், பாவம். சென்னம்மா அந்த அம்மாள் கையைப் பிடித்து ஆலைப் பக்கம் இழுத்துப் பார்த்தாள். குழந்தை மறுபடியும் வேலைக்கு ஓடப் பார்க்கிறது என்று அதிகாரி தடுத்துவிட்டார். உள்ளே சாந்தம்மா சொல்லிக்கொடுத்தபடி "இருபது" என்றாள்; சான்றிதழும் இருபது என்றது; கையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை.

பிடிபட்டவர்கள் சென்னம்மாவோடு சேர்த்து மொத்தம் இருபத்தாறு பேர். கிருஷ்ணப்பன் அபராதத்தோடு தப்பினார். குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளியில் பதிவேட்டில் ஏற்றினார்கள். சென்னம்மா, வயது பதினொன்று. ஆசிரியர் மாரிமுத்து பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு தலையில் கைவைத்தார்.

"என் பேரை அடிச்சுட்டு எம்பொண்ணு பேரை எழுதுங்க சார்."

"எப்பிடிம்மா முடியும்? உம்பொண்ணுக்கு இருபதுன்னு டாக்டரே கையெழுத்துப் போட்டிருக்காரு. இருபத்தாறு குழந்தையை மீட்டாச்சுன்னு ரிப்போர்ட்டு டெல்லி தாண்டி ஜெனீவாவுக்கே போயிடுச்சு. ஒண்ணு கொறஞ்சா என் வேலை போயிடும்."

"அப்போ சென்னம்மான்னு ஒரு புள்ள வந்தா போதும் உங்களுக்கு?"

மாரிமுத்து சுற்றுமுற்றும் பார்த்தார். "வந்தா போதும்," என்றார்.

அவள் நேரே கிருஷ்ணப்பனிடம் போனாள். நாளையிலிருந்து சாந்தம்மா என்ற இருபது வயதுப் பெண்ணாகத் தானே தொட்டியில் நிற்பதாகவும், மகள் வரமாட்டாள் என்றும் சொன்னாள்.

"ரெண்டு ஆள் இல்லேன்னா அறை இல்ல, தெரியுமில்ல?" என்று முறைத்தார் அவர்.

"காலி பண்ணுங்க மொதலாளி. மீட்ட புள்ளய வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்கன்னு வாத்தியாரை விட்டு அந்தம்மாவுக்கு லெட்டர் போடச் சொல்றேன். எம்மேல உசுரா இருக்காங்க."

கிருஷ்ணப்பன் ஒத்துக்கொண்டார். அடுத்த பார்வைக்கும் சாந்தம்மா என்ற பெயருக்கு ஒரு ஆள் வேண்டுமே. உயரத்துக்கு என்ன செய்வது என்று மேஸ்திரி கேட்டான். தொட்டிக்கு முன்னால் ஒரு பலகைப் பெட்டியைப் போட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் சிறப்புப் பள்ளியில் "சென்னம்மா" என்று கூப்பிட்டபோது சாந்தம்மா எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் மகள் சிலேட்டோடு ஆலை வாசலுக்கே ஓடிவந்தாள். விரல் நுனிகளில் புதுத்தோல் வந்திருந்தது. வேலை முடிந்து வெளியே வந்த தாயின் முகத்துக்கு நேரே சிலேட்டைத் தூக்கிப் பிடித்தாள். கோணல்மாணலாக நாலைந்து எழுத்துகள்.

"என்னா கண்ணு எழுதியிருக்க?"

"எம்பேரை எழுதச் சொன்னாரு சார். ரிஜிஸ்டர்ல இருக்கறதத்தானம்மா எழுதணும். இது உம்பேரு."

தன் பெயர் எப்படி இருக்கும் என்று முப்பத்தோரு வருஷத்தில் சென்னம்மா பார்த்ததில்லை. தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். தொட்டித் தண்ணீரில் ஊறி வெளுத்த கை, இன்னும் ஈரம் காயவில்லை. எழுத்து அழிந்துவிடும் என்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.