வலப்பக்கத்துப் பெட்டி

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தரும் அவளை எல்லோரும் கிளட்ச் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். காரணம், அவள் வாயில் ஓயாமல் வரும் அந்த ஒரு பாடம்.

"மெதுவா விடுங்கம்மா கிளட்சை! தூங்குற குழந்தையைத் தொட்டில்ல விடுற மாதிரி. என்ன இது, சாக்கு மூட்டையைப் போடுற மாதிரி!"

பயிற்சிக் காரில் அவள் உட்காரும் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் அவள் கால் எப்போதும் தயாராக இருக்கும். எத்தனையோ சுவர்களும் மரங்களும் அந்தக் காலுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்தக் கால்தான் அவள் தங்கையையும் அவளிடமிருந்து பிரித்தது.

தாய் போன பிறகு தங்கையைத் தலைவாரிவிட்டு, சோறூட்டி, கடைசியில் ஸ்டியரிங்கையும் பிடிக்கவைத்து வளர்த்தவள் அவள். சின்னவளும் அக்காவின் கார் பயிற்சிப் பள்ளியிலேயே ஆசிரியை ஆனாள். ஒருநாள் சின்னவள் ஓட்ட, இருவரும் டயர் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பயிற்சிப் பள்ளியின் வாசல் திருப்பத்தில் அக்கா சட்டென்று பிரேக்கை மிதித்துவிட்டாள். கார் குலுங்கி நின்றது. வகுப்புக்குக் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"ரோடு காலியாத்தானே இருந்துச்சு? எதுக்குக்கா மிதிச்ச?"

"எனக்குப் பயமா இருந்துச்சு."

"ஊருக்கே நான் கத்துக்குடுக்கிறேன். உனக்கு மட்டும் இன்னும் என்மேல நம்பிக்கை வரலை. நான் எதைச் செஞ்சாலும் உன் கால் பிரேக்குலதான் இருக்கு!"

"வளர்த்த கடா மார்புல பாயுது பார்! அவ்வளவு பெரிய மனுஷின்னா தனியாப் போய் ஓட்டு!"

"போறேன்."

போயேவிட்டாள். நகரத்தின் மறுகோடியில் ஒரு பள்ளிக்கூட வேனில் ஓட்டுநர் வேலை. அக்கா அழவில்லை. டயரை மட்டும் தானே மாற்றினாள். நட்டுகளை வழக்கத்தைவிட இறுக்கமாக முடுக்கினாள்.

ஆனால் அக்காவின் பயிற்சிப் பள்ளி இணையதளத்தைத் திறந்தால், வலப்பக்கத்தில் 'எங்கள் ஆசிரியை' என்ற பெட்டியில் சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அவள் தொலைபேசி எண். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா நீக்கிவிடலாம் என்று மவுஸைக் கொண்டுபோவாள். நீக்கினால் திரும்ப வராது என்று திரை எச்சரிக்கும். கை பின்வாங்கிவிடும்.

தளத்தை அமைத்துத் தந்தவர் தொலைபேசியில் ஒரு யோசனை சொன்னார். "அழிக்க மனசு வரலைன்னா மடிச்சு வெச்சிடுங்க மேடம். அதுக்கு ஒரு பிளகின் இருக்கு, தளத்தோட சேர்த்துக்கிற குட்டி புரோகிராம். தலைப்பைத் தொட்டா பெட்டி சுருங்கிடும்."

அவர் அனுப்பிய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அவளே செய்தாள். பிளகினை நிறுவினாள், இயக்கினாள், தங்கையின் பெட்டியை அதற்குள் இழுத்துப் போட்டாள். தலைப்பின் ஓரத்தில் சின்ன அம்புக்குறி முளைத்தது. அதைத் தொட்டாள். கடை ஷட்டரை இறக்கியதுபோல் சிரிப்பு மறைந்தது. தலைப்பு மட்டும் மிஞ்சியது. மறுநாள் தளத்தைத் திறந்து பார்த்தாள். அப்போதும் மூடியே இருந்தது.

'இனி யார் கண்ணிலும் படமாட்டாள்' என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு பாதியிலேயே விம்மலானதை யாரும் பார்க்கவில்லை.

அதன் பிறகு ஒரு விசித்திரம். புதிதாகச் சேர வருகிறவர்கள் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "ஒருத்தங்க சொன்னாங்க, கத்துக்கிட்டா உங்ககிட்டதான் கத்துக்கணுமாம்." யார் என்று கேட்டால், போனில் பேசியவர், பெயர் தெரியாது என்பார்கள். ஒருநாள் ஒரு தையற்காரி வந்தாள். யார் சொன்னது என்று அவளையும் கேட்டாள் அக்கா.

"இதோ, இவங்கதான். உங்க வெப்சைட்ல இருந்த நம்பருக்குப் பேசினேன். 'நான் இப்போ அங்க இல்லை, ஆனா அக்கா இருக்காங்க, அவங்க கால் இருக்கிறவரைக்கும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாது'ன்னாங்க."

தையற்காரி நீட்டிய கைபேசியில் பெட்டி அகலத் திறந்திருந்தது. சின்னவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வகுப்பில் கவனம் சிதறும் என்று பட்டன் போனோடு காலம் தள்ளுகிறவள் கிளட்ச் அக்கா. தன் தளத்தை அடுத்தவர் திரையில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். பதறிப்போய்த் தளம் அமைத்தவரை அழைத்தாள்.

"நீங்க மூடினதை உங்க கம்ப்யூட்டர் மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்கும் மேடம். மத்தவங்களுக்குத் திறந்துதான் இருக்கும். எல்லாருக்கும் மூடணும்னா செட்டிங்ஸ்ல ஒரு டிக்கை எடுக்கணும். எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்!" என்றாள். அலறலாகவே வந்தது.

மாலையில் தங்கையின் வேன் நிற்கும் வளாகத்துக்குப் பயிற்சிக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். சின்னவள் வேன் படிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டதும் துணி கையிலேயே நின்றது.

"என் படத்தை நீ எடுக்கலை. தினமும் பார்ப்பேன். என்னைக்காவது நீ வருவேன்னு அதை வெச்சுத்தான் நம்பிக்கிட்டிருந்தேன்கா."

அந்தப் பொய்யை அப்படியே வைத்துக்கொண்டிருக்கலாம். அக்காவால் முடியவில்லை.

"மூடிட்டேன்டி. எல்லாருக்கும் மூடிட்டேன்னு நினைச்சேன். எனக்கு மட்டும்தான் மூடியிருந்துச்சு."

சின்னவள் முகம் இருண்டது. கண் நிறைந்தது. பிறகு அவளையும் மீறி உதடு துடித்துச் சிரிப்பு கிளம்பியது. "கிளட்ச் அக்காவுக்கு ஒரு பெட்டியை ஒழுங்கா மூடத் தெரியலை!"

அக்கா சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் ஏறினாள். செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கீழே அந்தப் பிரேக், மிதிக்க ஆளில்லாமல் கிடந்தது.

"போடி. வீட்டுக்கு ஓட்டு."

"திருப்பத்துல?"

"கண்ணை மூடிக்கிறேன்."