விளக்குக்காக நிறுத்திய காற்று

திருநெல்வேலியில் உயிர்த்தொழில்நுட்பம் படித்த என் வகுப்பில் பாதிப் பேர் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நான் போகவில்லை. தாமிரபரணிக் கரையில் எங்கள் நகராட்சி திசு வாழை மையம் தொடங்கப்போகிறது என்று கேட்டதுமே போய் நின்றுவிட்டேன். வாழைக் குருத்தின் நுனியைக் கொஞ்சமாக வெட்டிப் பாட்டிலில் சத்துக் கூழில் ஊன்றினால், அது பல கன்றுகளாகப் பிரியும். ஸ்ரீவைகுண்டம் வரை நோயில்லாத கன்று கொடுக்கலாம். என்னைத் துள்ளவைத்தது இன்னொன்று: வேலைக்கு எடுத்தது மகளிர் குழுப் பெண்களை; அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது என் வேலை. முதல் பாட்டில்கள் நல்லபடியாகக் கன்றாகிவிட்டால் அவர்களுக்கு வேலை நிரந்தரம் என்று நகராட்சியில் சொல்லியிருந்தார்கள்.

அதை நம்பி, சந்தையில் வாழையிலை கட்டுகிற வேலையை விட்டுவிட்டு ஓர் அக்கா வந்திருந்தாள். வீட்டில் அவள் சம்பாத்தியம் மட்டும்தான்.

"ஏசில உக்காந்து வேலை பாக்கேன்னு சொன்னா இலைக்கடை அண்ணாச்சி நம்பமாட்டக்காரு டீச்சர்" என்பாள்.

கத்தியைத் தொடும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த அன்று, "கல்யாண வீட்டுல சந்தனம் பூசுத மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தாள். ஆனால் அதை ஒருநாளும் விட்டதில்லை.

பிறகு திறப்பு விழா வந்தது.

குத்துவிளக்கை வாசலில் ஏற்றலாம் என்று கெஞ்சியிருந்தேன். உள்ளே, பாட்டில் திறக்கும் மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மேசையில் வடிகட்டிய காற்று விடாமல் வீசும். தூசியும் பூஞ்சையும் அண்டாமல் காப்பது அந்தக் காற்றுதான். அதே காற்றில் திரி பற்றுவதும் அணைவதுமாக இருந்தது.

"என்னம்மா, அணையுதுலா? அத நிப்பாட்டு" என்றார் நகராட்சி அதிகாரி.

"சார், அது நின்னா பாட்டில் எல்லாம் கெட்டுப்போகும்."

"விளக்கு அணைஞ்சா அதவிடக் கெடுதல். ஒரு நிமிஷம்தான?"

யாரோ சுவிட்சை அணைத்தார்கள். சுடர் ஆடாமல் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மேசையில் இருந்தவை தாய்ப் பாட்டில்கள். அடுத்த கன்றுகள் எல்லாம் அவற்றிலிருந்துதான் பிரிய வேண்டும். படம் எடுப்பவர் குனிந்து பார்த்தார். "கண்ணாடி வேர்த்திருக்கு, பச்சை தெரியல. மூடியத் தொறங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டி மறுத்தேன்.

"தொறம்மா, அவரு எவ்ளோ நேரம் நிப்பாரு!" என்று அதிகாரி அதட்டினார். அவள் திறந்தாள். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும். மாலை போட்ட கழுத்துகள் மேசைமேல் குனிந்தன. "வாழையா வே இது? முட்டக்கோசு கணக்கால்லா இருக்கு!" என்றார் கவுன்சிலர் ஒருவர். ஒரே சிரிப்பு.

அந்த வாரமே பாட்டிலுக்குள் வெள்ளைப் பஞ்சு பூத்தது. ஒன்றும் தப்பவில்லை. கெட்டதை எல்லாம் நாங்களே கொதிக்கவைத்துக் கொட்டினோம். வெந்த பூஞ்சை நாற்றம் சேலையை விட்டுப் போகவில்லை. "வேற குருத்து வெட்டி முதல்லருந்து ஆரம்பிக்கலாம்லா டீச்சர்?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அதைச் சொல்லத்தான் அதிகாரியிடம் போனேன். விழாப் படம் சட்டமிட்டு அவர் சுவரில் தொங்கியது. விளக்கு, பொன்னாடைகள், நடுவில் பாட்டில்.

"மூடியத் தொறந்து பிடிச்சிருக்கது யாரு கை? பாரு" என்றார். "படிக்காத பொம்பளைகள உள்ள விட்டா இப்படித்தான் ஆகும்."

"காத்த நிப்பாட்டினது யாரு சார்?"

"அப்ப விளக்கக் குத்தம் சொல்லுதியா?"

அவர் மேசையில் இருந்த டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

மையத்தை ஒரு வெளியூர்க் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார்கள். அவர்கள் பட்டதாரிகளைக் கொண்டுவந்தார்கள். நான் இருக்கலாம் என்றார்கள். அக்காவுக்காகக் கேட்டேன். "கூட்டிப் பெருக்க வரட்டும்" என்றார்கள். இலைக்கடையில் அவள் இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்துவிட்டிருந்தது. அதனால் வந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அவளுக்கு அனுமதி இல்லை. நான் உள்ளே வேலை பார்க்கிறேன். காலையில் வந்ததும் அவள் வெளிக்குழாயில் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்க்கிறாள். விரலிடுக்கெல்லாம் கழுவிவிட்டுத்தான் விளக்குமாறை எடுக்கிறாள்.

"இனிமே எதுக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கை கேக்கமாட்டக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கூட்டத் தொடங்கினாள்.