சீன அரசாங்கம் என் அம்மாவின் காலைக் கழுவிய கதை

போன சனிக்கிழமை மொன்றியலின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடைக்காரர் இஞ்சித் துண்டொன்றை முறித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். புது இஞ்சி என்று நிரூபிக்கிறாராம். இஞ்சி மணத்தால் உங்களுக்குத் தேத்தண்ணி ஞாபகம் வரும், இல்லாவிட்டால் ஆட்டிறைச்சிக் கறி. எனக்குக் கால்கள் ஞாபகம் வந்தன. வரிசையாக, ஈரமாக, சிவப்புப் பிளாஸ்டிக் சட்டிகளுக்குள் வைத்த கால்கள். நான் வாங்காமலே சிரித்துக்கொண்டு போனதைப் பார்த்து அந்த மனிதர் என்ன நினைத்தாரோ.

நான் சில வருடங்கள் சீன அரசாங்கத்தின் செலவில் சம்பளம் வாங்கியவள். நம்ப மாட்டீர்கள். இதே சந்தையில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் பிரெஞ்சு. ஒரு கல்லூரியின் நிலவறையில் சீனப் பண்பாட்டு நிலையம் ஒன்று இருந்தது. அங்கே தொலைபேசியை எடுத்து ‘பொன்ஜூர்’ என்று தொடங்கி மேற்கொண்டும் நாலு வார்த்தை பேச ஓர் ஆள் தேவைப்பட்டது. பணிப்பாளர் ஷென்னுக்குச் சீனமும் ஆங்கிலமும்தான் தெரியும். நேர்முகத்தில் அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“உங்கள் பெற்றோர் எங்கே இருக்கிறார்கள்?”

“அப்பா இல்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறா.”

அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். வேலை கிடைத்துவிட்டது. அம்மா என்னோடு இருந்தது உண்மை. இரண்டு பேரும் பார்க்-எக்ஸ்ரென்ஷன் பகுதி வீட்டில் ஒரே சமையலறையில் முகம் பார்க்காமல் நடமாடியதும் உண்மை. அதை அவர் கேட்கவில்லை.

ஷென் மெலிந்த மனிதர். பனிக்காலம் கோடைகாலம் எதுவென்றாலும் கம்பளிக் கையில்லாச் சட்டையும் வெந்நீர்ப் போத்தலும்தான். தங்கள் பழைய விழுமியங்களை உயிர்ப்பிக்க வேண்டும் என்று அந்த நாட்டு அரசாங்கம் தீர்மானித்திருந்த காலம் அது. தீர்மானம் அங்கே நடக்கும், பெட்டிகள் இங்கே வந்து இறங்கும். ஒருமுறை துறைமுகத்திலிருந்து வந்த பெட்டிக்குள் ஆளுயரக் கன்பூசியஸ் இருந்தார். நெஞ்சுக்கு முன்னால் கைகளைக் கோத்தபடி, தாடியோடு, வெள்ளை வெளேரென்று. லொறியில் கொண்டுவந்து இறக்கிய தம்பி நம்மவர்.

“அக்கா, இது எந்தக் கோயிலுக்கு?”

“கோயிலுக்கில்லைத் தம்பி, கொலிஜ்ஜுக்கு.”

“அப்ப ஏன் கும்பிட்டுக்கொண்டு நிக்கிறார்?”

ஷென்னிடம் கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

அடுத்த பெட்டியில் அந்தச் சிவப்புச் சட்டிகள் வந்தன. கூடவே உத்தரவும் வந்தது: பிள்ளைகள் பெற்றோரின் கால்களைக் கழுவும் விழா நடத்திப் படங்களை அனுப்பவும். அங்கே பள்ளிக்கூட மைதானங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் கழுவுகிறார்கள் என்று ஷென் காணொளி காட்டினார். ஒவ்வொரு சட்டியிலும் பெற்றோரைப் பேணுதல் என்ற பொருளில் ஒரு சீன எழுத்து. அதைப் பிரெஞ்சில் போட்டுச் சுவரொட்டி அடிக்கும் பொறுப்பு என்னுடையது. பிரெஞ்சு எழுத்துப் பெரிதாகவும் சீன எழுத்துச் சின்னதாகவும் இருக்க வேண்டும், இந்த ஊர்ச் சட்டம். அகராதி ‘பியேத்தே ஃபிலியால்’ என்றது, நானும் அப்படியே போட்டேன். மறுநாள் கல்லூரி நிர்வாகி மதாம் லவுவா படியிறங்கி வந்தார்.

“பியேத்தே என்றால் பக்தி. இது அரசாங்கக் கட்டடம். சமயச் சடங்கு நடத்த முடியாது.”

“சமயமில்லை மதாம். கால்தான்.”

ஒரு செபம், ஒரு சின்னம் கண்ணில் பட்டாலும் இடத்துக்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதவர்கள் சீனத் தாய்மார். நான் ஒவ்வொரு வீடாகத் தொலைபேசி எடுத்தேன். மகனுக்கு ஹொக்கி, மகளுக்குப் பியானோ. ஓர் அம்மா நேராகவே சொன்னார்: “என் மகன் என் காலைக் கழுவ வேண்டாம். சாப்பிட்ட கோப்பையைக் கழுவட்டும், அது போதும்.” இரண்டு குடும்பங்கள்தான் அகப்பட்டன. ஷென் அடுக்கிவைத்த சட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து வெந்நீர் குடித்தார். பிறகு மெதுவாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உங்களுக்கு ஓர் அம்மா இருக்கிறார்களே.”

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அவ உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தா.

“என்ர பிள்ளை என்ர காலைக் கழுவுறதுக்குச் சீனாக்காரன் சொல்ல வேண்டிக் கிடக்கு!”

“விருப்பமில்லாட்டி விடுங்கோ அம்மா.”

“ஆர் விருப்பமில்லையெண்டது?” கத்தியைக் கீழே வைத்தா. “பெரிய வியாழனுக்குச் சுவாமியார், யேசு செய்த மாதிரி, பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவுறவர். எங்கட மன்னார்க் கோயில்ல அவ்வளவு பேரும் ஆம்பிளையள். வள்ளம் வச்சிருக்கிற சம்மாட்டிமார். நான் எத்தினை வருசம் பாத்துக்கொண்டு நிண்டனான் தெரியுமோ?”

எனக்குத் தெரியாது. அம்மா தன் செபமாலைக் கூட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் தொலைபேசி எடுத்தா. அத்தனை பேரும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரச் சம்மதித்தார்கள்.

விழா ஒரு சனிக்கிழமை காலை. தாய்மார் சேலை உடுத்து, நகம் வெட்டி, சிலர் மருதாணியும் போட்டு வந்திருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சீனப் பட்டு அங்கி. எனக்கும் ஒன்று தந்தார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தைத்ததற்குள் நான் புகுந்த விதத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. குளிர்ந்த தண்ணீர் காலுக்குக் கூடாது என்று ஷென் விடியற்காலையே இஞ்சி அவித்து வைத்திருந்தார். நிலவறை முழுக்க அந்த மணம். ஷென் மணி அடித்தார், எல்லோரும் முழங்காலில் நின்றோம். பக்கத்தில் ஒரு பொடியன் “நாறுது!” என்று பிரெஞ்சில் கத்தி, தாயிடம் குட்டு வாங்கினான்.

நான் தண்ணீரை ஊற்றியதும் அம்மா சிலுவை அடையாளம் போட்டா. அவவைப் பார்த்து வரிசை முழுக்கச் சிலுவை போட்டது. அதோடு விட்டார்களா? கடைசியில் இருந்த பெண் மாதா பாட்டொன்றைத் தொடங்க, எல்லோரும் எடுத்துப் பாடினார்கள். கன்பூசியஸுக்கு முன்னால். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் மதாம் லவுவா.

“இது என்ன பாட்டு?”

ஷென் என்னைப் பார்த்தார். அவருடைய முகம் சிலையைவிட வெளுத்திருந்தது.

“நன்றிப் பாட்டு மதாம்.”

“யாருக்கு நன்றி?”

“அம்மாவுக்கு.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சிலுவை போட்டதை அவர் கண்டாரோ இல்லையோ, “அழகு, மிக அழகு” என்று சொல்லிக் கைபேசியை எடுத்துப் படம்பிடிக்கத் தொடங்கினார்.

நான் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அம்மாவின் இடதுகாலைப் பார்த்தேன். சின்னவிரலில் நகமே இல்லை. பாதத்தின் ஓரமாக, தடித்த கயிறு போல ஒரு தழும்பு.

“இது எப்ப அம்மா?”

“சண்டைக்குள்ள மடு மாதா கோயிலுக்கு ஓடேக்க. செருப்பு அறுந்து போச்சு, தகரம் வெட்டினது.”

“நீங்கள் சொல்லவே இல்லை.”

“நீ அப்ப இஞ்சை, கனடாவில. ரெலிபோன் கோல் எடுக்கச் சனம் வரிசையில நிக்குது, இதில காலைப் பற்றியோ கதைக்கிறது?” பிறகு குரலைத் தாழ்த்தி, “விரலுக்கிடையில வடிவாத் தேய் பிள்ளை” என்றா.

தேய்த்தேன். ஒரு சட்டித் தண்ணீரில் தேய்க்கக்கூடிய அளவுக்கு மேலேயே தேய்த்தேன்.

நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி ஷென்னுடைய ஏற்பாடு. சீனாவிலிருந்து அவருடைய அப்பா பெரிய திரையில் தோன்றி வாழ்த்த வேண்டும். அங்கே இரவு பத்துமணி இருக்கும். பெனியனோடு ஒரு கிழவர் தோன்றி, கண்ணைச் சுருக்கி எங்களைப் பார்த்தார். பின்னால் நின்ற சிலையைப் பார்த்தார். ஏதோ சொன்னார். இரண்டு சீனத் தாய்மாரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். கிழவர் இன்னொன்றும் சொன்னார். அதற்கு அவர்கள் சிரிக்கவில்லை. ஷென் திரையை அணைத்துவிட்டார்.

சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கும்போது கேட்டேன், அப்பா என்ன சொன்னார் என்று.

“அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கன்பூசியஸ் மக்களின் எதிரி. வகுப்போடு கூட்டிக்கொண்டு போய்ச் சிலையை உடைக்கச் சொன்னார்களாம். ‘இந்த ஆளை நாங்கள் உடைத்தோமே, திரும்ப யார் ஒட்டியது?’ என்று கேட்டார்.”

“மற்றது?”

அவர் ஒரு சட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “‘நீ வீட்டுக்கு வந்து எவ்வளவு காலமாகிறது?’ என்றார். நான் லீவு கேட்காமல் இல்லை. பெற்றோரைப் பேணும் நிகழ்ச்சிகள் முடியட்டும் என்கிறார்கள்.”

அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிப்பை நிறுத்தப் பிந்தியது.

படங்கள் போய்ச் சேர்ந்தன, பாராட்டும் வந்தது. மொன்றியல் வாழ் மக்கள் கன்பூசியஸை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதற்குச் சான்றாக ஒரு கைநூலின் அட்டையில் எங்கள் செபமாலைக் கூட்டம் வந்தது. அம்மா அதை மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தா. அதற்குப் பிறகு நாங்கள் சமையலறையில் முகம் பார்த்துச் சண்டை பிடிக்கத் தொடங்கினோம். அது பெரிய முன்னேற்றம்.

கனடாவும் சீனாவும் பிறகு முறைத்துக்கொண்டன, கல்லூரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாதா பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமுமில்லை. நிலவறையில் இப்போது மாணவர்கள் கணினியில் விளையாடுகிறார்கள். சிலையை யாரும் ஏற்கவில்லை. பின்முற்றத்தில் பிளாஸ்டிக் சுற்றிப் பனிக்குள் நின்றது, பனி உருகியபோது ஆளைக் காணவில்லை. ஷென் ஊருக்குத் திரும்பி ஒரு செய்தி அனுப்பினார். அப்பா காலைத் தொடவிடவில்லையாம், எனக்கே இரண்டு கை இருக்கிறது என்றாராம். பிறகு அவருடைய இணையக் கணக்கே இல்லாமல் போயிற்று. நான் அனுப்பியவை ஒன்றும் போய்ச் சேரவில்லை.

அம்மாவும் போய்விட்டா. இந்த நாட்டில் சவப்பெட்டியின் மூடி இரண்டு துண்டு. மலர்ச்சாலையில் மேல்பாதியைத் திறந்து முகத்தைக் காட்டுவார்கள், கீழ்ப்பாதி பூட்டியே இருக்கும். கொஞ்சம் திறக்க முடியுமா, காலைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த மனிதர் நல்லவர். அப்படி வழக்கமில்லை என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதலாக, “கால்கள் பத்திரமாக இருக்கின்றன, மதாம்” என்றார்.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மூடிய பலகையின் மேல், இடதுகால் இருக்கும் என்று தோன்றிய இடத்தில், குத்துமதிப்பாகக் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.