சொல்தா இன்னாசியும் மாடு இழுத்து வந்த வண்டியும்

“எல்லாத்தையும் வெச்சு இஸ்துப் பாத்துட்டு, வண்டிய இன்னும் பள்ளத்துல அமுக்கி வெச்சுட்டு, கடைசியிலதான்டா என்னாண்ட வருவானுங்க!”

சொல்தா இன்னாசிமுத்து இதைச் சொல்லாத நாள் கிடையாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் சொல்வார். பூசை முடிந்து மாதா கோயில் வாசற்படி இறங்கும்போது சொல்வார். எதிரே ஆள் இல்லையென்றால் கோழியிடம் சொல்வார். பல வருஷம் பிரெஞ்சுக்காரனோடு புழங்கியதில் தமிழும் அவருக்கு மூக்கு வழியாகத்தான் போய்வரும். வில்லியனூருக்கு மேற்கே அந்த ஊரில், மூக்கைப் பிடித்துக்கொண்டு “கடைசியிலதான்டா!” என்று கத்தத் தெரியாத பிள்ளையே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் புலம்பல் ஊரில் தொடங்கிய காலத்தில் அவரிடம் ஒருத்தரும் வந்ததே இல்லை. முதலிலும் வரவில்லை, கடைசியிலும் வரவில்லை. வந்து என்ன செய்ய? வண்டியே ஓடவில்லை.

புலம்பல் இந்தோசீனாவில் பிறந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிய புதுச்சேரி ஆட்களில் இன்னாசியும் ஒருத்தர். அப்படிப் போய்வந்த சிப்பாயை இங்கே ‘சொல்தா’ என்பார்கள். மற்றவர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தார்கள், இவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தார்கள். அது அமெரிக்காக்காரன் செய்த இழுவை லாரி. முதுகில் கிரேன், வயிற்றில் இரும்புக் கயிறு சுற்றிய உருளை, ஆள் உயரத்துக்குச் சக்கரம். சேற்றில் இறங்கிய லாரி, கவிழ்ந்த பீரங்கி வண்டி, எதுவானாலும் கொக்கி மாட்டி இழுத்துக் கரையில் போடுவதுதான் வேலை. ஒரு குண்டு வெடித்துத் தெறித்ததில் ஒரு துண்டு இரும்பு இடது கெண்டைக்காலில் தங்கிவிட்டது. டாக்டர் எடுக்க வேண்டாம் என்றார். அதோடும் பென்ஷனோடும் ஊர் வந்து சேர்ந்தார்.

பென்ஷன்காரர்கள் மற்றவர்கள் வாசலில் நாற்காலி போட்டுச் சுட்ட கதை சொல்லிக்கொண்டிருக்க, இன்னாசி அறுபத்தாறாம் வருஷம் மெட்ராசில் ராணுவத் தளவாட ஏலத்துக்குப் போனார். அங்கே குப்பைமேட்டில் அதே ஜாதி வண்டி நின்றது. உடனே கையைத் தூக்கிவிட்டார்.

“இன்னா வாங்கினு வந்தே?” என்று கேட்டாள் மனைவி அமுதம்.

“லாரி.”

“எங்க?”

“ரயில்ல வருது.”

“லாரிய ரயில் தூக்கினு வருதா? அப்போ ரயிலயே வாங்கியிருக்கலாமே!”

வில்லியனூர் ஸ்டேஷனில் வண்டி வந்து இறங்கியது. இன்ஜினுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. டயர் இருந்த இடத்தில் நூல்தான் இருந்தது. ஊர் வரைக்கும் அதைக் கொண்டுவர வேறு வழியில்லாமல் ஊரிலிருந்த மாட்டு ஜோடிகளையெல்லாம் கட்டித்தான் இழுத்தார்கள். ஊரை இழுக்க வந்த வண்டியை மாடு இழுத்து வந்த அந்தக் காட்சியை அதற்கப்புறம் யாரும் அவரை மறக்க விடவில்லை. “மாட்டு லாரி” என்றே பேர் விழுந்தது. கடைசி ஜோடி மாடு எங்கே படுத்துக்கொண்டதோ அங்கேயே வண்டியும் நின்றது. அது ஊர்க் களம்.

அங்கேதான் பிரித்தார். போல்ட் போல்டாகப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கோணி மேல் வரிசையாக வைத்தார். டயர் நெய்வேலி சுரங்கத்தில் கழித்துப் போட்டது. இரும்புக் கயிறு கடலூரில் கப்பலுக்கு ஆகாது என்று தள்ளியது. மிச்சச் சாமான் எல்லாம் வில்லியனூர் பழைய இரும்பு வியாபாரி ஷரீப் வழியாக வந்தது. ஷரீப் காலையில் ஒரு வால்வு விற்றுவிட்டுப் போவார், சாயங்காலம் மொத்த வண்டியையும் விலைக்குக் கேட்டு வருவார். வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு பேசுவது போல ஒரு குரல் அவருக்கு.

“சொல்தா அண்ணே, கோச்சுக்காதீங்க. இத எடைக்குப் போட்டா உங்களுக்கும் நிம்மதி, வண்டிக்கும் நிம்மதி. உங்க கால்ல கீற இரும்பையும் சேத்தே எடை போட்டுக்கிறேன்.”

“பாய், நீ எடை போட்டது போதும். அந்த கார்புரேட்டர வெச்சுட்டுக் கெளம்பு.”

மூன்றாவது வருஷம் இன்ஜின் பேசியது. ‘க்கோ... க்கோ...’ என்று இருமி, ‘டப்!’ என்று ஒரு வெடி வெடித்து, ‘கட கட கட’ என்று ஊர்க் கோழியையெல்லாம் கூரைக்கு ஏற்றியது. அரை முழம் நகர்ந்தது. நின்றுவிட்டது. டாங்குக்குள் இருந்த துரு மொத்தமும் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டது. கழுவினால் அன்றைக்கு ஓடும், மறுநாள் அடைக்கும்.

அந்த மார்கழியில்தான் சுப்பராயலு களத்துக்கு வந்து நின்றார். ஊரில் பாதி நிலம் அவருடையது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமினால், ஊரே திரும்பிப் பார்க்கிற வரைக்கும் செருமுவார்.

“யோவ் சொல்தா. மூணு வருஷமா பொறுத்தாச்சு. தையில நெல்லு களத்துக்கு வரணும். அதுக்குள்ள உன் வண்டி தன் கால்ல இங்கேர்ந்து எறங்கணும். திரும்ப மாடு கட்டி இஸ்துனு போறதெல்லாம் நடக்காது. எறங்கலன்னா பாய் வந்து வெட்டி எடுத்துனு போவாரு. இன்னா சொல்றே?”

ஊர் முழுக்க நிற்கிறது. அமுதம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். இன்னாசிக்குக் கண் தெரிந்தது, ஆனால் மூக்கு முந்திக்கொண்டது.

“எறங்கலன்னா பாய் வெட்டட்டும். வெளக்கு நானே புடிக்கிறேன்!”

வீட்டுக்கு வந்ததும் அமுதம், “வெளக்கு புடிக்கிற மூஞ்சப் பாரு,” என்று சோற்றைத் தட்டில் அறைந்தாள்.

தை பிறந்தது. டாங்கு அடைத்தபடியே கிடந்தது. சொன்ன கெடு முடிந்த அன்று காலையில் ஷரீப் காஸ் சிலிண்டரும் ஆளுமாக வந்துவிட்டார். இன்னாசி முன்சக்கரத்துக்கு எதிரே ஸ்பானரோடு உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார். மேலே கிரேன், கீழே சொல்தா. எதிலிருந்து வெட்டுவது என்று தெரியாமல் ஷரீப் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அதே காலையில் சுப்பராயலுவின் புது லாரி, கரும்பு ஏற்றிக்கொண்டு செல்லிப்பட்டுப் பக்கம் சங்கராபரணி ஆற்றில் இறங்கிக் கடந்துகொண்டிருந்தது. காலம் தப்பிய மழை மேற்கே கொட்டியிருந்தது. நடு ஆற்றில் மணல் சக்கரத்தை விழுங்கியது. தண்ணீர் மெல்ல ஏறியது.

உச்சிவெயிலில் சுப்பராயலு களத்துக்கு வந்தார். இந்தத் தடவை செருமவில்லை.

“இன்னாசி.”

“இன்னா?”

“லாரி ஆத்துல மாட்டிக்கிச்சு.”

“எப்போ?”

“காலையிலதான்.”

“எத வெச்சு இஸ்தீங்க?”

“மாடு கட்டுனோம்.”

“அப்பறம்?”

“டிராக்டரு.”

“டிராக்டர் எங்க?”

சுப்பராயலு துண்டால் முகத்தைத் துடைத்தார். “அதுவும் லாரி பக்கத்துலதான் நிக்குது.”

இன்னாசி எழுந்தார். “எல்லாத்தையும் வெச்சு...” என்று வாயைத் திறந்தார். சுற்றி நின்ற ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை முடித்தது. ஷரீப்பும் சேர்ந்துதான் கத்தினார்.

டாங்கைக் கழுவ நேரமில்லை. இன்னாசி டாங்கை மறந்தார். ஒரு காலி எண்ணெய் டின்னில் சுப்பராயலுவின் காரிலிருந்து உறிஞ்சிய பெட்ரோலை ஊற்றி, ரப்பர் குழாயை நேராக இன்ஜினுக்குள் சொருகினார். டின் உயரத்தில் இருந்தால்தான் பெட்ரோல் இறங்கும். கேபின் கூரையைப் பார்த்தார். அமுதத்தைப் பார்த்தார்.

“இன்னா பாக்குறே? உன் வண்டிக்கு நான் மேல ஏறி பால் ஊட்டணுமா?”

“அசையாம புடிச்சுக்கோ.”

திட்டிக்கொண்டே ஏறினாள். புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு, டின்னை மடியில் வைத்து உட்கார்ந்தாள். ‘க்கோ... க்கோ... டப்!’ கூரை மேலிருந்து “ஐயோ மாதாவே!” என்று ஒரு சத்தம். அப்புறம் கட கட கட. வண்டி களத்தின் சரிவில் இறங்கி ரோட்டைத் தொட்டது.

“பாத்தியா பாய்? எறங்கிடுச்சு!”

“எறக்கம் யாரு வேணா எறங்குவாங்க அண்ணே. இழுக்கட்டும், அப்பறம் சிலிண்டர ஏத்துறேன்,” என்றார் ஷரீப். சுப்பராயலுவும், “ஆமாம், லாரி கரைக்கு வந்தாத்தான் பேச்சு,” என்று பிடித்துக்கொண்டார். ஆற்றில் லாரியும் கரும்பும் மூழ்கிக்கொண்டிருக்கும்போதும் அந்த ஒரு பிடியை மட்டும் அவர் விடவில்லை.

கரையில் வண்டியின் முதுகை ஆற்றுக்குக் காட்டி நிறுத்தினார். சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். இரும்புக் கயிறு தண்ணீருக்குள் போய் லாரியின் கொக்கியில் மாட்டியது. உருளை சுற்றத் தொடங்கியது, கயிறு நிமிர்ந்தது.

அப்போதுதான் அது நடந்தது. கரையில் நின்றவர்கள் வில்லியனூர்ப் பக்கத்து ஆட்கள். பிறந்ததிலிருந்து வருஷா வருஷம் வில்லியனூர்ப் பெரிய தேர் இழுத்த கை. கனமாக ஒரு கயிறு விறைத்து நின்றால், அந்தக் கை யாரையும் கேட்காது. ஒருத்தன் ஓடிவந்து கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இன்னொருத்தன் பிடித்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டு ஊரே இரண்டு பக்கமும் நின்று இழுக்கிறது.

இன்னாசி இன்ஜினை அணைத்துவிட்டார்.

“ஏன்யா நிறுத்துனே? தண்ணி ஏறுது!” என்று சுப்பராயலு அலறினார்.

“கைய எடுக்கச் சொல்லு. இது இரும்பு. அறுந்துதுன்னா திரும்பி அடிக்கும். இங்க நிக்கிறவன் பாதி பாதியாத்தான் வூட்டுக்குப் போவான்.”

“வடத்துல கை வெக்காம சும்மா நிக்கச் சொல்றியா? நல்லதில்ல,” என்றது கூட்டம்.

“கை வெச்சா இழுக்க மாட்டேன்.”

“அப்போ என் லாரி?”

“போவட்டும்.”

“உன் வண்டிய வெட்டிடுவாருய்யா பாய்!”

“வெட்டட்டும்! ஒருத்தன் கால் வெட்டுப்பட்டு நான் இழுக்க மாட்டேன். சைகோன்ல ஒருதரம் பாத்தது போதும்.” மூக்கு வழியாக வராமல் அவர் குரல் நெஞ்சிலிருந்து வந்தது அன்றைக்குத்தான். யாரும் சொல்லிக்காட்டிச் சிரிக்கவில்லை. ஆனால் கையையும் எடுக்கவில்லை.

கூரை மேலிருந்து அமுதம்தான் சொன்னாள். “யோவ், சண்டைய அப்பறம் போடு. உன் கல்லு நகருது. வண்டி ஆத்துப் பக்கம் சறுக்குது.”

இன்னாசி குனிந்து பார்த்தார். ஈரக் கரையில் பின்சக்கரம் கல்லைத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. இழுத்தால் லாரி வருவதற்கு முன்னால் இவர் போய்விடுவார். ஒரு நிமிஷம் வண்டியின் மூக்கைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். கேபினுக்குப் பின்னாலிருந்து தொடை கனத்துக்கு இருந்த சணல் கயிற்றை உருவி, முன்பக்கக் கொக்கியில் கட்டி, மேட்டுப்பக்கம் வீசினார்.

“டேய், அது வெறும் இரும்புடா! வடம் இங்க கீது. சாமி மேட்டுலேர்ந்து வருது. எல்லாரும் மேல வாங்க, மண்ணுல கால ஊணுங்க. ஒரு சாண் வுட்டீங்க, அமுதம் ஆத்துல!”

ஊர் சணலுக்கு ஓடியது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. சுப்பராயலுவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நுனியைப் பிடித்தார். இன்னாசி இன்ஜினைக் கிளப்பி, பட்டாளத்துப் பிரெஞ்சில் “ஆலே!” என்று கத்தினார். மேட்டில் ஊர் “ஆலே!” என்று பிடித்தது. இரும்புக் கயிறு ஆளில்லாத கரையில் தனியாக நின்று முனகியது. வண்டி சறுக்கப் பார்த்தது, ஊர் விடவில்லை. சொத்தைப் பல் போல லாரி அசைந்து, அசைந்து, கரும்பும் தண்ணீருமாகக் கரையேறியது. அடுத்து அதே வழியில் டிராக்டரும் வந்தது.

மண்ணில் விழுந்து கிடந்த கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. “பாத்தியா சொல்தா? நாங்கதான் இஸ்தோம்!”

“நீங்கதான்டா இஸ்தீங்க. காலையிலயே என்னாண்ட வந்திருந்தா சாப்பிட்டுட்டு இஸ்திருக்கலாம்.”

ஷரீப் களத்துக்குத் திரும்பி, சிலிண்டரைத் தான் வந்த வண்டியில் ஏற்றினார். சுப்பராயலு களத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அன்று சாயங்காலமே வண்டி தன் கால்களால் ஊருக்குத் திரும்பி, இன்னாசி வீட்டு வாசலில் நின்றது.

அதற்கப்புறம் பாகூர் ஏரிக்கரையில் சரிந்த பஸ், புயலில் விழுந்த ஆலமரம், அரிசி மில்லுக்குப் போன பாய்லர் என்று பல வருஷம் இழுத்தது. டாங்கை அவர் கடைசி வரைக்கும் மாற்றவில்லை. கூரையில் டின், டின்னுக்குப் பின்னால் அமுதம். எங்கே போனாலும் சணல் கயிறு கூடவே போகும். காய்ந்த தரையில், தேவையே இல்லாத இடத்திலும் அதை முன்னால் கட்டிக் கூட்டத்தின் கையில் கொடுத்துவிடுவார். அவர் வண்டியைச் சுற்றி ஒருத்தருக்கும் ஒரு விரல் போனதில்லை.

எண்பதுகளில் அரியாங்குப்பத்தில் ஒருத்தர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் புது கிரேன் வாங்கினார். எதையாவது இழுக்க வேண்டுமென்றால் ஊர் அங்கே போனது. இன்னாசி படுக்கையில் விழுந்தார். தாடி நரைத்த ஷரீப் ரொட்டிப் பொட்டலத்தோடு பார்க்க வந்தார். வாசலில் நின்ற வண்டியைப் பழக்கதோஷத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, அதே வெல்லக் குரலில் ஆரம்பித்தார். “அண்ணே, கோச்சுக்காதீங்க. உங்களுக்கு அப்பறம் இத யாரு பாப்பாங்க? எனக்கே குடுத்துடுங்களேன்.”

இன்னாசி முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

“யோவ் பாய், உனக்கு இரும்புதான வேணும்? என் கால்ல கொஞ்சம் கீது, பொதைக்கிறதுக்கு முன்னாடி நோண்டி எடுத்துனு போ. வண்டி மேல கை வெச்சே, கல்லறையிலேர்ந்து கொக்கி வுட்டு உன் தராச இஸ்து ஆத்துல போட்டுடுவேன்! அந்தப் புது கிரேனும் ஒருநாளைக்குச் சேத்துல எறங்கும். மாடு கட்டுவானுங்க, டிராக்டர் கட்டுவானுங்க, எல்லாத்தையும் வெச்சு இஸ்துப் பாத்துட்டு, கடைசியில இந்த வாசலுக்குத்தான் வருவானுங்க. நான் இல்லன்னா இன்னா, அமுதத்துக்குத் தெரியும் டின்னு எந்தப் பக்கம் புடிக்கணும்னு. நீ கயித்துக்குக் குறுக்க நிக்காம தள்ளி நில்லுய்யா!”