என் கையால் உண்ணாத பிள்ளை

"என்ர பிள்ளையும் இதைத்தான் சாப்பிடுறான்" என்று மன்னார்த் தீவிலிருந்து வெள்ளாங்குளம் வரைக்கும் எத்தனை தாய்மாரிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. அது பொய். ஆறு மாதம் முடிந்த குழந்தைகளுக்கான சத்துமா செய்து விற்கிற கம்பனியின் சொந்தக்காரி நான். என் மகனோ அந்தக் கஞ்சியைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்வான்.

கம்பனியைத் தொடங்கியது கோபத்தில்தான். நாட்டில் பால்மா தட்டுப்பாடாக இருந்த காலம். மூத்தவளுக்கு ஒரு வயது. வரிசையில் கால்கடுக்க நின்று என் முறை வந்தபோது கடைக்காரர் "முடிஞ்சுது தங்கச்சி" என்றார். எனக்குப் பின்னால் நின்றவள் அவருக்குத் தெரிந்தவள். அவளுக்கு உள்ளேயிருந்து ஒரு பைக்கற் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்த கையோடு சிவப்பரிசி, பயறு, எள் எல்லாவற்றையும் வறுத்தேன். உப்பில்லாமல் காயவைத்த நெத்தலி மீனை மாவாக்கிக் கலந்தேன். மகள் சப்புக்கொட்டித் தின்றாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள், பிறகு அவளுடைய அக்கா கேட்டாள். வீட்டுக் குசினி அடுப்பில் தொடங்கிய வேலை இரண்டு வருடத்தில் பதிவு, பரிசோதனை, அரைக்கும் இயந்திரம், நான்கு பெண்களுக்குச் சம்பளம் என்று வளர்ந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, மறைப்பானேன்.

பிறகு மகன் பிறந்தான். ஆறு மாதம் முடிந்ததும் முதல் கரண்டியை நீட்டினேன். துப்பினான். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நான் எள்ளைக் குறை சொன்னேன், மா அரிக்கிற அரிதட்டைக் குறை சொன்னேன், வறுத்தவளையும் ஏசினேன். ஒவ்வொரு தடவை புதிதாக அரைத்ததும் முதலில் அவனுக்குத்தான் வாயில் தீத்திப் பார்ப்பேன். எத்தனை வாய் வாங்கினான், எப்போது முகம் சுளித்தான் என்று ஒன்றும் விடாமல் குறித்துக்கொள்வேன். கடைசியில் கணவரை எங்களைத் தெரியாத முருங்கன் பக்கம் அனுப்பி, தகர ரின்னில் விற்கிற வேறு கம்பனி மாவை யாருக்கும் தெரியாமல் வாங்கிவரச் செய்தேன். "கள்ளச் சாராயம் வாங்கிறவனும் இப்பிடிப் பயப்பிடமாட்டான்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாவை அவர் தீத்தினால் பிள்ளை வாங்கிக்கொண்டான். என் பிள்ளையே தின்னாததை ஊராருக்கு விற்கிறேன் என்ற நினைப்பு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வெளியே தெரிந்தால் கம்பனி அன்றோடு சரி.

விடத்தல்தீவு ஊர் மண்டபத்தில் குழந்தைகளைத் தராசில் வைத்து நிறை பார்க்கிற நாள் ஒன்று. தாய்மாருக்குக் கஞ்சி காய்ச்சிக் காட்டப் போனேன். வீட்டில் ஆளில்லாததால் மகனையும் கொண்டுபோக வேண்டியதாயிற்று. எங்களிடம் மா வறுக்கிற, ஓலைத்தொடுவாய் ஊர்ப் பெண்ணும் கூட வந்தாள். நாலு பிள்ளை பெற்றவள். நான் வழக்கம்போல அந்தப் பொய்யைச் சொல்லி முடிக்கவும், முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருந்த இளம்பெண் ஒருத்தி, "அக்கா, தம்பிக்கு ஒருக்காத் தீத்துங்கோ, பாப்பம்" என்றாள்.

கொழுப்பைப் பார் என்று மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே கரண்டியை எடுத்தேன். மகன் வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பினான். திரும்ப நீட்டினேன். அலறினான். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. "இவருக்கு இண்டைக்குத் தடிமன், மூக்கடைப்பு" என்று இன்னொரு பொய்யையும் சொன்னேன்.

ஓலைத்தொடுவாய்க்காரி பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் அமர்ந்தாள். கஞ்சியை விரலால் தொட்டுத் தன் நாக்கில் வைத்துச் சூடு பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளிடம் சூடை மீன் என்ன விலை போகுது என்று கேட்டபடியே விரலை அவன் வாயருகே கொண்டுபோனாள். வாய் திறந்தது. மீன் கதை முடிவதற்குள் கோப்பையும் வெறுமையாகிவிட்டது. தாய்மார் சிரித்தார்கள். கொண்டுபோன பைக்கற்றுகள் எல்லாம் விற்றுப்போயின. நான் கரண்டியைக் கழுவிப் பைக்குள் வைத்தேன்.

திரும்பும்போது ஓட்டோவில் கேட்டேன், "என்னடி செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்லை அக்கா. ஒரு மாசமா மத்தியானத்தில எங்கட கஞ்சியை நான்தான் விரலால தீத்திறன். நீங்கள் போனும் கையுமா நிப்பீங்கள். கரண்டி இல்லாமல் குடுத்தால் ஏசுவீங்கள் எண்டு சொல்லேல்லை."

"எனக்கு மட்டும் ஏன் வாய் திறக்கிறானில்லை?"

"கோவியாதேங்கோ. நீங்கள் தீத்தேக்க அவன்ர முகத்தைப் பாக்கிறேல்லை. வாயைத்தான் பாக்கிறீங்கள். பிள்ளைக்கு அது விளங்கும்."

மன்னார்ப் பாலம் கடக்கும்போது மகனின் வாயில் ஒட்டியிருந்த கஞ்சியைத் துடைத்துவிட்டேன். மாவில் ஒரு பிழையும் இல்லை. அதற்கு நான் மகிழ்ந்திருக்க வேண்டும், அழுகைதான் வந்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சாப்பாடு செய்கிறவளின் கையை அவளுடைய பிள்ளை வேண்டாம் என்கிறான்.

அடுத்த மாதமும் அதே மண்டபத்துக்குப் போனேன். அந்த இளம்பெண் அதே முன்வரிசையில் இருந்தாள். என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நடந்ததைச் சொன்னேன். நான் சொன்னது பொய் என்றேன். முருங்கனில் மா வாங்கிய கதையையும் சொன்னேன். பிள்ளை இந்தக் கஞ்சியைச் சாப்பிடுகிறான், ஆனால் வேறு ஆளின் கையால்; என் கையால் வாங்குவதில்லை, இன்னும் பழக்கிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இனி இங்கே ஒரு பைக்கற்றும் போகாது என்றுதான் நினைத்தேன்.

முன்வரிசைக்காரி எழுந்து கிட்ட வந்தாள். இன்னொரு குத்தலுக்குத் தயாராக நின்றேன். அவள் தன் குழந்தையை என்னிடம் நீட்டினாள். காற்றுப்போல இருந்தது பிள்ளை, நிறையே இல்லை.

"என்ர கையாலயும் வாங்கிறாளில்லை அக்கா," என்றாள். "நீங்கள் எப்பிடித் தீத்திறீங்கள் எண்டு பாத்துப் பழகத்தான் அண்டைக்குக் கேட்டனான்."